நான்ட் கேட் எல்ஈடி: கரண்ட் இருந்தா மங்குது, கரண்ட் போனா அணைஞ்சே கெடக்கு

ரங்கூன் தம்பி:
அண்ணே, அக்கா, யாராச்சும் பாருங்க. லாஜிக் கேட் இப்பத்தான் படிக்க ஆரம்பிச்சேன், டவுன்ல காளி கோயில் பக்கம் ஒரு கடையில 74ஹெச்சி00 (நாலு நான்ட் கேட் இருக்கிற ஐசி, அதாவது சிப்பு) வாங்கி பிரெட்போர்டுல சொருகிட்டேன். 14ஆம் காலுக்கு 5 வோல்ட், 7 கிரவுண்ட், 1லயும் 2லயும் பட்டன் வழியா 5 வோல்ட், 3ல ரெசிஸ்டர் போட்டு எல்ஈடி. நான்ட்னா ரெண்டு உள்ளீடும் 1 ஆனா மட்டும்தான் வெளியீடு 0, அதனால ரெண்டையும் அமுக்குனா அணையுது, சரி. விட்டா எரியணும்ல? மங்கலா எரியுது, கைய கிட்ட கொண்டு போனாலே மாறுது. வீட்ல கரண்ட் போனா (நம்ம ஊருல அதுக்கா பஞ்சம்) இன்னும் கூத்து, பட்டன விட்டாலும் அணைஞ்சபடியே கெடக்கு. ரெண்டு நேரமும் ஓடுறது பவர் பேங்க்லதான். ஐசி போச்சா?

மோல்மேன் அண்ணன்:
ஐசி நல்லாத்தான் இருக்கு தம்பி. பட்டன விட்டா கால் 0 ஆயிடும்னு நெனச்சுட்ட, ஆகாது, அந்தரத்துல தொங்குது. உன் ஐசி சீமாஸ் வகை, அதோட உள்ளீடு குட்டி கெப்பாசிட்டர் மாதிரி, ஏறுன சார்ஜ் இறங்க வழியில்லன்னா அப்படியே நிக்கும், அதான் கரண்ட் போனப்ப அணைஞ்சே கெடந்துச்சு. வீட்டு வயர்ல 50 ஹெர்ட்ஸ் ஓடுறப்ப உன் கைதான் ஆன்டனா, அதுக்கேத்தபடி 0க்கும் 1க்கும் தாவுது, கண்ணுக்கு மங்கலாத் தெரியுது. கரண்ட் சமாச்சாரத்த நீ எழுதுனதாலதான் டக்குனு புடிபட்டுச்சு. 1ல இருந்து கிரவுண்டுக்கு ஒரு 10கே (10,000 ஓம்) ரெசிஸ்டர், 2ல இருந்து இன்னொண்ணு போடு.

பெகு அக்கா:
மீதி மூணு கேட்டையும் மறந்துராத. 4, 5, 9, 10, 12, 13 எல்லாம் கிரவுண்டுக்கு. 6, 8, 11 வெளியீடு, அத எதுலயும் கட்டாத.

ரங்கூன் தம்பி:
புத்தகத்துல ரெசிஸ்டரே இல்லையேண்ணே, சும்மா விட்டா 1ன்னு போட்டிருக்கு?

மோல்மேன் அண்ணன்:
அது பழைய டிடிஎல் வகை 7400 ஐசிக்கு எழுதுனது, நம்பரு ஒண்ணு மாதிரி இருக்கும், உள்ள ஆளு வேற. அதுல உள்ளீட்டு கால்ல இருந்தே கரண்ட் வெளிய வரும், 10கே போட்டு கீழ இழுத்தாலும் 0க்கு இறங்காது. அதனால அதுக்கு பட்டன கிரவுண்டுக்கும் 10கேய 5 வோல்டுக்கும் மாத்திப் போடுவாங்க.

ரங்கூன் தம்பி:
போட்டாச்சு, இப்ப கல்லு மாதிரி நிக்குது! ஆனா பவர் பேங்க் கொஞ்ச நேரத்துல தானா ஆஃப் ஆகுது, முந்தியும் இதே தொல்லைதான்.

பெகு அக்கா:
அதுக்கு நீ இழுக்கிற கரண்ட் பத்தல, போன கழட்டிட்டான்னு நெனச்சு தூங்கிடுது. பென்டார்ச் பேட்டரி மூணு போடு, 4.5 வோல்ட் வரும், ஹெச்சி 2ல இருந்து 6 வோல்ட் வரைக்கும் ஓடும். 9 வோல்ட் சதுர பேட்டரி மட்டும் வேணாம்டா, நான் ரெண்டு ஐசிய அப்படித்தான் சாம்பலாக்குனேன்.