கமீலியா மொட்டெல்லாம் கொட்டுகிறது, கவாத்து செய்யலாமா? அவசரம்

மாடிவீடு_மடிப்பாக்கம்: வணக்கம். குன்னூரிலிருந்து வாங்கி வந்த கமீலியா பூச்செடி. முப்பது மொட்டுக்கு மேல் இருந்தது, ஒன்றுகூட விரியவில்லை. பழுப்பாகி, தொட்டாலே கையோடு வந்துவிடுகிறது. இலையும் மஞ்சள். நாளைக் காலையில் பாதிக்கு வெட்டிவிடலாமா? அம்மா ஆசையாகக் கேட்ட செடி. சீக்கிரம் சொல்லுங்கள்.

வேப்பம்புண்ணாக்கு: தரையிலா, தொட்டியிலா? எந்தப் பக்கத்து வெயில்? வாங்கி எத்தனை நாள் ஆச்சு?

பல்லாவரம்_பசுமை: சுண்ணாம்புச் சத்து குறைவு. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள். என் ரோஜா அப்படித்தான் பிழைத்தது.

பழைய_தோட்டக்காரர்: ரோஜாவும் கமீலியாவும் ஒன்றா? எத்தனை முறை எழுதுவது? இது அமில மண்ணில் வளரும் செடி, மண்ணின் அமிலத்தைக் காட்டும் பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். முட்டை ஓடு போட்டால் நேர் எதிராகப் போகும். படம் இல்லை, மண் என்னவென்று இல்லை, தண்ணீர் என்னவென்று இல்லை. இப்படிக் கேட்டால் ஜோசியம்தான் பார்க்கணும்.

எஸ்டேட்_பிள்ளை: முதலில் கத்தரியை உள்ளே வையுங்கள். தேயிலையும் கமீலியா இனம்தான். அதை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டையாகக் கவாத்து செய்வார்கள், இலைக்காக. அதைப் பார்த்துப் பூச்செடியை வெட்டக் கூடாது. பூத்து ஓய்ந்ததும், புதுத் தளிர் வருமுன், காய்ந்த குச்சியையும் ஒன்றோடொன்று உரசும் கிளையையும் மட்டும் எடுங்கள். வெட்டுவது இலை மொட்டுக்குச் சற்று மேலே. இலை மொட்டு ஒல்லியாக, கூராக இருக்கும்; பூ மொட்டு உருண்டையாக இருக்கும். கோடையில் புதுத் தளிரின் நுனியில்தான் அடுத்த பூவுக்கு மொட்டு கட்டும். அதற்கப்புறம் வெட்டினால் ஒரு வருடப் பூ போச்சு.

பல்லாவரம்_பசுமை: தேயிலை இனம் என்றால் டீத்தூள் போட்டாலே போதுமே!

பழைய_தோட்டக்காரர்: பால் கலந்த டீத்தூளா? எறும்பும் பூஞ்சையும் வரும்.

பல்லாவரம்_பசுமை: கழுவிக் காயவைத்துத்தான் போடுகிறேன் சார், பல வருஷமாக. என் மாடிக்கு வந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

வேப்பம்புண்ணாக்கு: டீத்தூள் சண்டை அப்புறம். இலை முழுக்க மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா?

மாடிவீடு_மடிப்பாக்கம்: மன்னிக்கணும், ஆபீஸில் இருந்தேன். நரம்பு பச்சை, இடையில் மஞ்சள். மூன்று மாதம் ஆச்சு. சிமெண்ட் தொட்டி, மேற்கு வெயில். தண்ணீர் வீணாகக் கூடாதென்று ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுவதைப் பிடித்து ஊற்றுகிறேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது.

எஸ்டேட்_பிள்ளை: அந்த வெள்ளைதான் பதில். ஆர்.ஓ. கழிவில் உப்பு கூடிப்போய் வரும். போதாததற்குச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்குகிறது. அமிலம் குறைந்துபோனால், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அதனால்தான் இந்த மஞ்சள். மண் தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண், கழுவிய தென்னைநார்க் கழிவு, இலை மக்கு கலந்து, வேர்க்கட்டியை உடைக்காமல், தண்டின் அடி புதையாமல் வையுங்கள். மழைநீரோ, நீங்கள் குடிக்கும் ஆர்.ஓ. நீரோ ஊற்றுங்கள். கிழக்குப் பக்கம், காலை வெயில் போதும். இலைக்கு இரும்புச் செலேட், அதாவது செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் இரும்புச் சத்து, தெளிக்கலாம்.

பழைய_தோட்டக்காரர்: மலைச்செடிக்குச் சென்னை ஆகாது. இங்கே ஜனவரி ராத்திரியே 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். அடுக்கு நந்தியாவட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட்_பிள்ளை: பூ குறையலாம் சார், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக உயிரோடு இருக்கும் செடியைத் தூக்கிப் போடச் சொல்வதா? கமீலியாவில் ஜப்பானிகா, சசாங்குவா என்று வகைகள் உண்டு; வெயில் தாங்குவதில் ஜப்பானிகாவைவிட சசாங்குவா மேல். இவரிடம் இருப்பது எதுவென்று தெரியட்டும்.

வேப்பம்புண்ணாக்கு: என்ன ஆச்சு? ஒரு மாதமாகச் சத்தமே இல்லையே.

மாடிவீடு_மடிப்பாக்கம்: வெட்டவில்லை. தொட்டியும் தண்ணீரும் மாற்றியாச்சு. மொட்டு எல்லாம் போய்விட்டது. நுனியில் புதிதாக இரண்டு வந்திருக்கின்றன, ஒல்லியாக, கூராக. அம்மாவிடம் காட்டினேன். நன்றி.