ஸ்பூக்கி-1 காட்டிய 2.6: அதனால் எதைக் கைவிடணும்?

கிளமெண்டி கதிர்
நம்மூர் சிங்கப்பூரின் குவாண்டம் தொழில்நுட்ப நிலையத்தின் ஸ்பூக்கி-1 நினைவிருக்கும். 3 கிலோ கூட இல்லாத செயற்கைக்கோள். 2019 ஜூனில் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விட்டார்கள். உள்ளே 405 நானோமீட்டர் லேசர், படிகம், பின்னிப்பிணைந்த ஃபோட்டான் ஜோடிகள், அதாவது எவ்வளவு விலகினாலும் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்புடைய ஒளித்துகள்கள். ஜோடியின் இரண்டு பக்க முடிவுகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது பெல் சோதனை, அதை ஒரே எண்ணாகத் தருவது எஸ் மதிப்பு. அது சுமார் 2.6 வந்தது. அளக்கும் முன்பே ஃபோட்டானுக்குத் திட்டமான போலரைசேஷன் (ஒளி அதிரும் திசை) இருந்திருந்தால் 2-ஐத் தாண்டவே முடியாது. ஆக, அளக்காதவரை அந்தப் பண்பே கிடையாது. மறுப்பவர்கள் வரலாம்.

தேக்கா மணி
இதில் என்ன மாயம்? அங்பாவ் (சீனப் புத்தாண்டுப் பண அன்பளிப்பு) உறை இரண்டு. ஒன்றில் 10 வெள்ளி, மற்றதில் 2 வெள்ளி. ஜூரோங்கில் நான் பிரித்தால், சாங்கியில் இருப்பதில் என்ன என்று உடனே தெரிந்துவிடும். நோட்டு முதலிலேயே உள்ளேதானே இருந்தது!

ஈசூன் இளங்கோ
மணி அண்ணே, இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் அளந்தால் உங்கள் அங்பாவ் போதும். இயற்பியலாளர் ஜான் பெல் 1964-இல் கேட்டது வேறு. ஒவ்வொரு பக்கமும் இரண்டு கேள்வி, அதாவது போலரைசேஷனை அளக்க இரண்டு கோணம். கிழக்கே க1 = 0°, க2 = 45°. மேற்கே ம1 = 22.5°, ம2 = 67.5°. உறைக்குள் நோட்டுக்குப் பதில் ஒரு சீட்டு, அதில் இரண்டு கேள்விக்கும் பதில் எழுதியாயிற்று என்று வையுங்கள்.

க1-ம1, க2-ம1, க2-ம2 மூன்றிலும் பதில் ஒத்துப்போக வேண்டும், க1-ம2-வில் மட்டும் மாறவேண்டும். எழுதிப் பாருங்கள். முதல் மூன்றும் ஒத்துப்போனால் க1-ம2-வும் தானாக ஒத்துப்போய்விடும். நாலில் ஒன்று எப்போதும் உதைக்கும். எந்தச் சீட்டும் 75 விழுக்காட்டைத் தாண்டாது, எஸ் கணக்கில் (வெற்றிப் பங்கு × 8 − 4) அதுதான் எஸ் = 2. குவாண்டம் கணக்கு தருவது 85.4 விழுக்காடு, எஸ் = 2.83. ஸ்பூக்கியின் 2.6 என்றால் 82.5.

இப்போது கதிருக்கு. சீட்டு தோற்றது சரி. ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: கிழக்கே எந்தக் கோணம் வைத்தார்கள் என்பது மேற்கே எட்டாது. அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டீர்கள். இயற்பியலாளர் டேவிட் போம் 1952-இல் எழுதிய கோட்பாட்டில் துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, எஸ்-உம் 2.83 வரும். அவர் கைவிட்டது அந்த 'எட்டாது' என்பதை மட்டும்.

தேக்கா மணி
சீட்டுக் கணக்கு விளங்கியது. ஆனால் ஃபோட்டானை எண்ணும் டிடெக்டரில் ஜோடியல்லாத குப்பை எண்ணிக்கை ஏராளம். அதுவே 2-க்கு மேல் தள்ளியிருக்கலாமே?

புக்கிட் பாத்தோக் புவனா
தள்ளாது, கீழேதான் இழுக்கும். இரண்டு டிடெக்டரிலும் வினாடிக்கு 100,000 எண்ணிக்கை, ஜோடி என்று ஏற்கும் நேரச் சாளரம் 10 நானோ வினாடி என்றால், தற்செயல் ஜோடிகள் 100,000 × 100,000 × 10 நானோ = வினாடிக்கு 100. கோணத்தைத் திருப்பும்போது உண்மை ஜோடிகள் உச்சத்தில் 300, தாழ்வில் பூஜ்யம் என்றால், தற்செயலும் சேர்ந்து மேலே 400, கீழே 100. வேறுபாட்டுத் தெளிவு (வித்தியாசம் 300 ÷ கூட்டல் 500) 60 விழுக்காடு, எஸ் 1.7-க்குச் சரிந்துவிடும். சாளரத்தை 2 நானோவாகக் குறைத்தால் தற்செயல் 20 தான், எஸ் 2.5-க்கு ஏறும். எஸ் 2-ஐத் தாண்ட, தெளிவில் 71 விழுக்காடுதான் கோடு. சந்தேகப்படுவதென்றால், தற்செயலைக் கழித்துவிட்டு எண்ணைக் காட்டுபவர்கள்மேல் படுங்கள்.

இன்னொரு வழக்கமான சறுக்கல்: அளக்கும் கோணத்தை மாற்ற வைக்கும் அரை அலைத் தகட்டை 11.25° திருப்பினாலே போலரைசேஷன் 22.5° திரும்பும். இதை மறந்து எல்லாத் தகட்டையும் முழுக் கோணத்துக்குத் திருப்பினால் எஸ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

கதிர், உங்களிடமும் ஒரு குறை. ஸ்பூக்கி 30 சென்டிமீட்டர் பெட்டி. அதை ஒளி 1 நானோ வினாடியில் கடந்துவிடும். ஒரு பக்கத்துச் சேதி மறுபக்கம் போக வாய்ப்பே இல்லை என்று அங்கே சொல்லமுடியாது. ஜோடிகளை உண்டாக்கும் கருவி விண்வெளியில் தாங்குமா என்று பார்க்கத்தான் அனுப்பினார்கள். யதார்த்தத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்ல அல்ல.

கிளமெண்டி கதிர்
ஏற்கிறேன், உதாரணம் தப்பு. நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 2015-இல் செய்த பெல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். வைரத்துக்குள் எலக்ட்ரான்கள், இடையில் 1.3 கிலோமீட்டர், ஒளி கடக்கவே 4 மைக்ரோ வினாடிக்கு மேல். அதற்குள் அளந்து முடித்தார்கள். எஸ் = 2.42.

தேக்கா மணி
245 முயற்சிதான்! பிழை அளவு 0.20. கோணத்தைத் தேர்ந்தெடுத்த கருவியும் துகளும் ஆதியிலேயே பேசிவைத்திருந்தால்?

புக்கிட் பாத்தோக் புவனா
245 குறைவுதான். அதே ஆண்டு வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் ஃபோட்டான்களை வைத்துப் பெரிய எண்ணிக்கையில் செய்துவிட்டார்கள். பேசிவைத்தது பற்றி: 2018-இல் ஸ்பெயினின் லா பால்மா தீவில் குவேசார் (வெகுதொலைவிலுள்ள பிரகாசமான விண்மீன் மண்டல மையம்) ஒளியைக் கொண்டு கோணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பேசிவைத்திருந்தால் 780 கோடி ஆண்டுக்கு முன்பே பேசியிருக்கணும். அதற்கும் முன்னால் என்றால் எந்தச் சோதனையாலும் உங்களை அசைக்கமுடியாது, எனக்கு அது இயற்பியலாகவும் தெரியவில்லை.

கிளமெண்டி கதிர்
இளங்கோ, போமிடமே வருவோம். காந்தத்துக்குள் ஓர் அணு நுழைகிறது, போம் சொல்வதுபோல் மேல்பாதியில் இருப்பதால் மேலே போகிறது: அதன் ஸ்பின் (அணுவைக் குட்டிக் காந்தம்போல் நடக்கவைக்கும் பண்பு) 'ஸ்பின் மேல்' என்கிறோம். காந்தப்புலத்தின் சரிவைத் தலைகீழாக்குங்கள். அதே இடத்தில் தொடங்கிய அணு இப்போதும் மேலேதான் போகும், ஆனால் இம்முறை அதற்குப் பெயர் 'ஸ்பின் கீழ்'. ஆக ஸ்பின் முன்கூட்டியே இருந்ததாக உங்கள் ஆளே சொல்லவில்லை. போலரைசேஷனுக்கும் இதே கதிதான்.

ஈசூன் இளங்கோ
சொல்லவில்லைதான். ஸ்பின் என்பது அணுவும் காந்தமும் சேர்ந்து தரும் விடை. இடம் மட்டும் நிஜம். "அந்தப் பண்பு இல்லை" என்பதை ஏற்கிறேன், அங்கிருந்து "ஒன்றுமே இல்லை" என்று தாவுவதைத்தான் ஏற்கமாட்டேன்.

தேக்கா மணி
அப்புறம் எதற்கு இவ்வளவு நேரம் அடித்துக்கொண்டீர்கள்?

கிளமெண்டி கதிர்
இடத்துக்காக, மணி அண்ணே. அதையும் விட்டுக்கொடுக்கமாட்டேன். கிழக்கே கோணத்தை மாற்றிய 'அதே கணத்தில்' மேற்கே துகளின் பாதை மாறும் என்கிறார் போம். சார்பியலில் எல்லோருக்கும் பொதுவான 'அதே கணம்' கிடையாது. இளங்கோ, யாருடைய கடிகாரப்படி அதே கணம்?

ஈசூன் இளங்கோ
ஒரு குறிப்பிட்ட கடிகாரம் இருக்கிறது என்றுதான் வைத்துக்கொள்ளணும். அது எது என்று எந்தக் கருவியும் காட்டாது. போமில் எனக்கும் தொண்டையில் நிற்கும் இடம் அதுதான்.