அகச்சிவப்பு ‘வடிகட்டி’ என்றால் எந்தக் கண்ணாடி?

தருமபுரியிலிருந்து:

வணக்கம். நம் கையேட்டுக்கான ஒளிப்படச் சொற்பட்டியலில் ‘அகச்சிவப்பு வடிகட்டி’ என்று ஒரே சொல் இருக்கிறது. இதை ஏற்கக் கூடாது என்பது என் கருத்து. காப்பி வடிகட்டியில் காப்பி கீழே இறங்கும். தூசி வடிகட்டியில் தூசி நின்றுவிடும். ஆக, வடிகட்டி என்பது விடுவதையும் குறிக்கும், தடுப்பதையும் குறிக்கும். கேமராவுக்குள் சென்சாருக்கு முன் பொருத்தியே வரும் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கிறது. லென்ஸில் நாம் திருகி மாட்டும் கறுப்புக் கண்ணாடி அதை மட்டும் விடுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் வாங்குகிறவர் தவறானதை வாங்கி வருவார்.

முன்னதைத் ‘தடுகண்ணாடி’, பின்னதை ‘விடுகண்ணாடி’ எனலாம். அரிவாள், ஊதுகுழல் போல வினைத்தொகை, வலி மிகாது. ‘கடத்தி’ வேண்டாம், மின்கடத்தியோடு குழம்பும். எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘விடுகண்ணாடி 720’ என்றால் 720 நானோமீட்டர் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி ஒளி கடக்கிறது என்று பொருள். ஹோயா நிறுவனத்தின் ஆர்72 கண்ணாடி இந்த வகை. இதில் கொஞ்சம் செந்நிறமும் கசியும். 850இல் அதுவும் இராது. படம் கறுப்பு வெள்ளைதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஐயா, வினைத்தொகை பொருத்தமாக இருக்கிறது. ஆனால் அகச்சிவப்பை மட்டும் விடப் பிளாஷ் மேல் சுற்றுவது கண்ணாடி இல்லையே, மெல்லிய தாள். அதை ‘விடுதாள்’ எனலாம். பிளாஷுக்குப் பட்டியலில் உள்ள ‘மின்வெட்டு விளக்கு’ கூடவே கூடாது. நம் பக்கம் மின்வெட்டு என்றால் கரண்ட் போவது. பிளாஷ் என்றே இருக்கட்டும், ஆனால் ‘செனான் பிளாஷ்’, ‘எல்இடி பிளாஷ்’ என்று பிரித்தாக வேண்டும். செனான் வாயு நிரப்பிய குழல் 820 முதல் 1000 நானோமீட்டர் வரை நிறையவே உமிழும். போனில் உள்ள வெள்ளை எல்இடியில் அகச்சிவப்பு ஏறக்குறைய கிடையாது. விடுகண்ணாடி போட்டால் படம் இருட்டுதான்.

கையேட்டில் செய்முறையும் வேண்டும். தடுகண்ணாடி நீக்கிய கேமராவோடு இரவில் மாந்தோப்பை எடுக்க, விடுதாளைப் பிளாஷ் முகப்பில் இடுக்கில்லாமல் ஒட்ட வேண்டும். இடுக்கு இருந்தால் வெள்ளொளி கசியும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து பிளாஷ் திறனைக் கேமராவே முடிவு செய்யும் டிடிஎல் அளவீட்டை நம்பக் கூடாது, அது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காக அமைத்தது. மேனுவலில் வைத்து, முழுத்திறனில் ஒரு சோதனைப் படம் எடுத்து, வெளிச்சம் மிகுந்தால் திறனைப் பாதி பாதியாகக் குறைக்கலாம். முழுத்திறனில் தொடர்ந்து அடித்தால் தாள் சூடேறிச் சுருங்கும். இடைவெளி விட வேண்டும். அகச்சிவப்புப் படத்தில் இலை வெள்ளையாக வருவது பச்சையத்தால் அன்று, இலையின் உட்திசுக்கள் அகச்சிவப்பைச் சிதறடிப்பதால். இதையும் ஒரு வரியில் சொல்லலாம்.

தருமபுரியிலிருந்து:

விடுதாளை ஏற்கிறேன் அம்மா. தடுகண்ணாடி நீக்காத கேமராவுக்கும் ஒரு பத்தி வேண்டும். உச்சி வெயிலிலும் ஷட்டர் பல விநாடி திறந்திருக்க வேண்டும், முக்காலி கட்டாயம். ஒகேனக்கல் அருவி பனிமூட்டம் போல வருவது அழகு. கரையோர இலைகள் காற்றில் கலங்குவதுதான் சிக்கல். முதலில் ஃபோகஸ் செய்து பிறகே விடுகண்ணாடியை மாட்ட வேண்டும். வியூஃபைண்டரை மூடாவிட்டால் பின்பக்க ஒளி புகுந்துவிடும். அகச்சிவப்புக்குக் குவியம் சற்றே நகரும், இதைக் ‘குவிய நகர்வு’ எனலாம். அதை ஈடுகட்ட லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/8 வைப்போம். ஆனால் சில லென்ஸ்களில் துளையைச் சுருக்கச் சுருக்கப் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் கூடுதலாகத் தெரியும். இதற்கு ‘நடுவெளிறல்’ என்று வைத்திருக்கிறேன். இதைவிடக் குறுகிய சொல் உங்களிடம் உண்டா?