மறு: தண்டவாளத்துக்கு மேல் தண்டவாளம் – "அடுக்கு" ஒன்றே போதுமா?

> எல்லாவற்றுக்கும் "அடுக்குப்பாதை" என்றே வைத்துவிடலாம், யாருக்கும் புரியும்.

நம் ரயில் சொற்பட்டியலுக்கு, ஒரு தண்டவாளம் இன்னொன்றின் மேல் போகிற அமைப்புகளுக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். புரியும் அண்ணா, எது புரியும் என்பதில்தான் தகராறு. கோயம்புத்தூரிலிருந்து பெங்களூருக்கு 2018 முதல் ஓடுகிற உதய் எக்ஸ்பிரஸும் "ஈரடுக்கு ரயில்"தான், அங்கே அடுக்கு இருப்பது பெட்டிக்குள். சரக்கு வண்டியில் கன்டெய்னர் மேல் கன்டெய்னர் ஏற்றினால் அதுவும் இரட்டை அடுக்கு. சரி, "பாதை" என்று சேர்த்துக்கொண்டால் தெளிந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். நாம் பெயர் தேடுகிற பொருள் ஒன்றில்லையே, மூன்று இருக்கிறதே.

ஜங்ஷனை ஒட்டி ஒரு பாதை இன்னொன்றைக் குறுக்கே தாண்டுவது ஒன்று. தரையிலேயே வெட்டிக்கொண்டால் ஒரு வண்டி போகும்வரை மற்றது சிக்னலில் நிற்கவேண்டும், அதற்காகத்தான் மேலே தூக்குகிறார்கள். இதற்கு "தாண்டுபாலம்" என்று போன வாரம் வந்த யோசனை எனக்குச் சம்மதம். சென்னை ஆற்காடு சாலையில் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்குக் கட்டுவது வேறு. அங்கே சாலையில் இடம் இல்லை, அதனால் ஒரே தூண்வரிசையில் இரண்டு வழித்தடங்கள் மேலும் கீழுமாகக் கூடவே போகின்றன. "அடுக்குப்பாதை" இதற்கு மட்டும் இருக்கட்டும்.

> ஈரோட்டு மஞ்சள் குடோனில் மூட்டையை அடுக்கினால் "அட்டி" என்போம். "அட்டிப்பாதை" எப்படிங்க?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அட்டியில் மேல் மூட்டை கீழ் மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருக்கும், பாதை அப்படி உட்கார முடியாது. மின்பாதை என்றால் கீழ்த் தண்டவாளத்திலிருந்து சுமார் 5.5 மீட்டர் உயரத்தில் மின்கம்பி போகும், அதற்கும் மேலே இடைவெளி விட்டுத்தான் அடுத்த தளம். தவிர, அட்டி என்றால் தடை, தாமதம் என்றும் பொருள் இருக்கிறது. ரயிலுக்கு அந்தப் பெயரை நாமே கொடுக்கவேண்டுமா?

மூன்றாவதுதான் இந்த இழையில் முதலில் கேட்டது: ஒரே பாதை வட்டமடித்து ஏறித் தன் தலைக்கு மேலேயே வருவது, மாடல் ரயில் ஆட்கள் ஹீலிக்ஸ் என்பது. டார்ஜிலிங் பாதையில் பதாசியா, சுவிட்சர்லாந்தில் 1908-இல் வந்த புருசியோ வளைவுப்பாலம், இலங்கையில் தெமோதரை (ஸ்டேஷன் மேலே, அதே பாதை அதற்கு அடியில் குகைக்குள் போகும்), கலிபோர்னியாவில் 1876-இல் முடித்த தெகாச்சப்பி. தெகாச்சப்பியில் ஒரு சுற்றுக்கு 23 மீட்டர் ஏற்றம், நீளமான சரக்கு ரயில் தன் வாலுக்கு மேலேயே போகும். மேட்டுப்பாளையத்திலேயே மலைரயில் இருந்தும் நம் பக்கம் இதற்கு ஒரு பேச்சுச்சொல் கிடையாது, ஏனென்றால் நீலகிரிப் பாதை சுற்றி ஏறவில்லை. கல்லாறிலிருந்து குன்னூர்வரை 12.5-க்கு 1 என்று (12.5 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் ஏற்றம்) செங்குத்தாகவே ஏறிவிட்டு, வழுக்காமல் இருக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் போட்டுக்கொண்டது.

மாடலில் இது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்கில், 45 செ.மீ. ஆரத்தில் ஒரு சுற்று 2.83 மீட்டர். மேல் தளத்தின் பிளைவுட் கனத்தையும் சேர்த்து 9 செ.மீ. ஏறினால்தான் கீழே பெட்டி இடிக்காது, அப்போது சரிவு 31-க்கு 1. நிஜத்தில் அந்த ஆரம் 39 மீட்டர்தான், நம் அகலப்பாதையில் 175 மீட்டருக்குக் கீழே போகவே மாட்டார்கள். இவ்வளவு இறுக்கமான வளைவில் சக்கரம் உரசுகிற பாரமும் சரிவோடு சேர்ந்துகொள்ளும். பெட்டி அதிகமானால் நடுவில் இருக்கிற லேசான பெட்டி உள்பக்கமாக இழுபட்டுக் கவிழும். நிஜத்தில் ஒரு சுற்றில் முடிவது இங்கே நாலைந்து சுற்று போகும்.

"சுருள்பாதை" எனக்கு ஒப்பவில்லை. கொசுவர்த்திச் சுருள் தரையோடு கிடக்கும், ஆரம் போகப்போகக் குறையும். இதில் ஆரம் மாறாது, உயரம்தான் மாறும். திருகின் மேல் சுற்றிச்சுற்றி ஏறுகிற வரியைப் புரி என்போம், அதனால் என் ஓட்டு "புரிப்பாதை"க்கு. இயற்பியல் பாடநூலில் திருகு அளவிக்குப் "புரியிடைத் தூரம்" (ஒரு சுற்றுக்குத் திருகு நகரும் தூரம்) என்று ஏற்கெனவே இருக்கிறது, நமக்கு அந்த 9 செ.மீ. அதேதான். சுற்றும் திசையைச் சொல்ல வலம்புரி, இடம்புரி என்று இரண்டு சொல் இலவசமாக வருகிறது.

திசை வெறும் அலங்காரம் இல்லை. இரட்டைத் தடம் போட்டால் வெளித்தடம் நீளம் அதிகம், அதே ஏற்றத்துக்குச் சரிவு சுமார் 35-க்கு 1 ஆகிவிடும், ஏறுகிற வண்டியை அதில் விடுவதே நல்லது. நம் ஊர் வண்டிகள் இடப்பக்கத் தடத்தில் ஓடுவதால், மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றாக, கோயிலை வலம் வருகிற திசையில் ஏறினால்தான் அது அமையும். அதை வலம்புரி என்போம்.

---

> புரி வேண்டாமுங்க, லேத் பட்டறையில் "மரை" என்றுதான் சொல்கிறோம். மரைப்பாதை என்றால் கோயம்புத்தூர் முழுக்கப் புரியும்.

எனக்கும் மரைதான் முதலில் தோன்றியது, "மரை கழண்ட ரயில்" என்று கிண்டல் வரும் என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சிக்கல் வேறு. கடிகாரச் சுற்றாக ஏறுவதை உங்கள் பட்டறையில் இடது மரை என்பீர்கள், நாம் இங்கே வலம்புரி என்கிறோம். ஒரே பொருளுக்குப் பட்டறையில் இடது, பட்டியலில் வலது என்று வந்தால் பிளைவுட்டை யாராவது தலைகீழாக அறுத்துவிடுவார்கள். மரை திருகுக்கே இருக்கட்டும்.

தாண்டுபாலம், அடுக்குப்பாதை, புரிப்பாதை மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன், புரிப்பாதைக்குத் திசை விளக்கத்தோடு. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.