மறு: கலைச்சொல்: பந்துமூட்டா, குமிழ்மூட்டா?

அன்புடையீர், வணக்கம்.

உருண்டையான மூட்டுகளில் மடங்கி, வைத்த நிலையில் நிற்கும் மனித உருவம் ஒன்றை ஜப்பானியர் ‘கியூத்தாய் கான்செத்சு நிங்யோ’ என்று வழங்குகிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசும் இம்மடலிழையில், ‘பந்துமூட்டுப் பொம்மை’ என்பதை முதலில் முன்மொழிந்தவன் நான்தான். அப்பெயரின் இரு பாதிகளையும் இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். படத்தை மட்டும் பார்த்து வைத்த பெயர் அது. சென்ற மாதம் நண்பர்கள் மூவருடன் ஜப்பான் சென்றபோது, தோக்கியோவின் அகிஹபராவில் ரேடியோ கைகான் கட்டடத்திலுள்ள ஒரு கடையில், இவ்வகை உருவங்களையும் அவற்றுக்கான கண், முடி, உடை, காலணி ஆகியவற்றையும் மட்டுமே விற்கும் இடத்தில், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நின்ற பிறகே பொருள் எனக்கு விளங்கியது. (இருவர் அரை மணியில் சலித்துக் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிட்டார்கள், ஜப்பானிய மொழி அறிந்த நண்பர் மட்டும் என்மீது இரக்கப்பட்டு உடன் இருந்தார்.)

கடைப்பெண் வெள்ளைத் துணியுறை அணிந்த கையால், உடையில்லாத மாதிரி உடல் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரம். பாலியூரித்தேன் ரெசின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. உள்ளே முழுக்க வெற்றிடம். ஒவ்வோர் உறுப்பின் முனையும் உருண்டு திரண்டு, அடுத்த உறுப்பின் குழிக்குள் அமர்ந்திருக்கிறது. இவற்றைப் பிணைக்க ஆணியோ திருகோ இல்லை. இழுத்தால் நீண்டு மீளும் கயிறு ஒன்று உடற்கூட்டின் வழியே ஓடி, கையிலும் காலிலும் கொக்கியில் மாட்டி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கிறது. முழங்காலைச் சற்று இழுத்து மடக்கினால் அது நழுவி, மறு நிலையில் தானே நின்றுகொள்கிறது.

இதைக் கண்டபின் ‘பந்து’ எனக்குப் பொருந்தவில்லை. பந்து தனியே உருளும் பொருள். இங்கு இருப்பதோ உறுப்பிலிருந்து புடைத்து நிற்கும் முனை. நம் பாடநூல்கள் தோள் மூட்டைப் ‘பந்துக் கிண்ண மூட்டு’ என்பதை ஐயா ஒருவர் சுட்டியிருந்தார். உடற்கூற்றியலில் அது நிலைத்துவிட்ட சொல். அதைக் கலைக்கச் சொல்லவில்லை. ஆயினும், தமிழ்நாட்டார் ‘பந்துமுனைப் பேனா’ என்பதை ஈழத்தில் ‘குமிழ்முனைப் பேனா’ என்று வழங்குவதை நினைவூட்டி, ‘குமிழ்மூட்டு’ என்று யாழ்ப்பாணத்து அம்மையார் எழுதியபோது நான் மறுத்தேன் அல்லவா, அந்த மறுப்பு தவறு. புடைத்துத் திரண்டதைக் குறிக்கக் குமிழே தக்க சொல். பந்து என்றால் உறவினர் என்றும் பொருள்படும் இடைஞ்சலும் ஒழிகிறது.

அடுத்து ‘பொம்மை’. தமிழில் பொம்மைக் காரும் உண்டு, பொம்மைத் துப்பாக்கியும் உண்டு. விளையாட்டுப் பொருள் அனைத்துக்கும் அது பொது. ‘நிங்யோ’ என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளும் முறையே மனிதர், வடிவம் என்று பொருள்படுவன. அவ்வரம்பு நமக்குப் ‘பாவை’யில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. பாவை பெண்ணையே குறிக்கும், இக்கடைகளிலோ ஆண் உருவங்களும் விற்கின்றனவே என்ற தடை எழுந்தது. தோல்பாவைக்கூத்தில் இராவணனும் பாவைதான். புறநானூற்றின் 33ஆம் பாட்டில் வரும் ‘அல்லிப் பாவை’க்கு ஆண்கோலமும் பெண்கோலமும் உண்டு என்றே பழைய உரை விளக்குகிறது. ஆகவே என் திருத்திய முன்மொழிவு: குமிழ்மூட்டுப் பாவை.

இப்பாவைகளை ‘டால்ஃபி’ என்றே எழுதிவிடலாம் என்று இவ்விழையில் வந்த கருத்தை ஏற்க இயலாது. அது கியோத்தோவில் தோன்றிய வோக்ஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர். 1999இல் வெளிவந்த அவர்களுடைய ‘சூப்பர் டால்ஃபி’யின் புகழால் பொதுப்பெயர்போல் வழங்குகிறது, அவ்வளவே. பொருளோ அந்நிறுவனத்துக்கு முந்தியது. ஜெர்மானியக் கலைஞர் ஹான்ஸ் பெல்மர் 1930களில் செய்த குமிழ்மூட்டு உருவத்தின் படத்தை 1965இல் ஓர் இதழில் கண்டுதான் ஜப்பானியப் பாவைக் கலைஞர் யொத்சுயா சிமோன் தம் பாவைக்கலையின் திசையையே மாற்றிக்கொண்டார்.

துணைச்சொற்கள் சிலவும் கிடைத்தன. உள்ளே ஓடும் கயிற்றுக்கு ‘நாண்’ என்பேன். வில்லில் போலவே இங்கும் நிலையைத் தருவது அதன் இழுவிசை. நாள்பட அது தளரும். தளர்ந்தால் பாவை நிற்காது சரியும். அப்போது கழற்றிப் புதிதாய்க் கோப்பதை ‘நாணேற்றுதல்’ எனலாம்.

பாவையை வாங்குவதை ஜப்பானில் இதை விரும்பி வாங்குவோர் ‘வாங்குதல்’ என்பதில்லை. ‘ஒமுகாயே’ என்கிறார்கள், வருபவரை எதிர்கொண்டு வரவேற்பது என்று பொருள். நண்பர் இதை ‘வரவேற்பு’ என்று பெயர்த்தார். எனக்கு அது மண்டப வாயில் பலகையில் எழுதுகிற சொல்லாகப் பட்டது. பெண்ணழைப்பு, மாப்பிள்ளையழைப்பு என்று வீட்டுக்கு ஓர் ஆளைக் கொண்டுவரும் சடங்குக்கே பெயர் வைத்திருக்கும் மொழியில் ‘பாவையழைப்பு’ கூடுதலாகப் பொருந்தும். பெட்டியோடு வெளியேறிய முதியவர் ஒருவரைக் கடைப்பெண் வாசல்வரை வந்து குனிந்து வழியனுப்பியதைக் கண்டேன். அது சரக்கு கைமாறும் காட்சியாக இல்லை.

ஒன்றுக்கு மட்டும் உங்கள் கருத்து வேண்டும். வெறுமையாக வரும் முகத்தில் புருவம், இமை, உதடு ஆகியவற்றைத் தூரிகையால் தீட்டி, பூச்சுத் தெளித்து நிலைநிறுத்துகிறார்கள். தேய்ந்தால் துடைத்துவிட்டு மறுபடி தீட்டுகிறார்கள். ‘ஒப்பனை’ என்றால் அன்றாடம் கலைப்பது என்றாகிவிடும். கண்ணுக்கு மை எழுதுவது நம் வழக்கமாதலால் ‘முகமெழுதுதல்’ என்று எண்ணுகிறேன். கூத்துக் கலைஞரிடையே இச்சொல் வேறு பொருளில் வழங்கினால் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
பந்தை முன்மொழிந்தவன்