மறு: சைக்கிளுக்குப் பின்னால் குழந்தை – ‘குழந்தை இழுவை’ போதுமா?

> டிரெய்லர் என்றால் இழுவை. குழந்தைக்கானது ‘குழந்தை இழுவை’. இதற்கு இத்தனை மடல்களா?

வணக்கம் ஐயா,

சைக்கிளுக்குப் பின்னால் மாட்டிக் குழந்தையை அழைத்துப்போகும் டிரெய்லர்களுக்கு அச்சுக்குப் போகுமுன் நம் குழு தமிழ்ப் பெயர் தேடுகிறது. ஒரு பெயர் போதாது என்பதால்தான் இத்தனை மடல்கள்.

‘குழந்தை இழுவை’ என்றதும் குழந்தை இழுக்கிறதா, குழந்தையை இழுக்கிறோமா என்ற சந்தேகம் வருகிறது. அதுகூடப் பரவாயில்லை. கடையில் போய் நின்றால் அந்த ஒரே சொல்லுக்குள் நான்கு பொருள்கள் கிடக்கின்றன. இங்கே ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் நான்கரை வயது மகளுக்காகப் போன மாதம் கடை கடையாக ஏறி இறங்கியவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலாவது, இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு துணிக்கூடு. குழந்தை உள்ளே வார்ப்பட்டையோடு உட்கார்ந்திருக்கும், தூங்கிப்போனாலும் கவலையில்லை. ஜெர்மன் போக்குவரத்து விதியில் வருவது இதுதான்: குழந்தைகளுக்கென அமைத்த டிரெய்லரில் ஏழு வயது நிறையாத இருவர் வரை ஏற்றலாம், ஓட்டுபவருக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும். கூட்டிலிருந்து வரும் தண்டு சைக்கிளின் பின்னச்சில் மாட்டிக்கொள்ளும். அந்த மூட்டு எந்தப் பக்கமும் திரும்பும் என்பதால், சைக்கிள் சாய்ந்து விழுந்தாலும் கூடு பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்கும். இதற்குப் போன வாரம் ஒருவர் ‘சிறுதேர்’ என்றார். அழகான சொல். ஆனால் பிள்ளைத்தமிழின் சிறுதேர்ப் பருவத்தில் தேரை உருட்டுவது பிள்ளை. இங்கே பிள்ளை உள்ளே பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது, உருட்டுவது அப்பன். என் ஓட்டு ‘பின்வண்டி’க்கு.

இரண்டாவது, முன்சக்கரமே இல்லாத அரைச் சைக்கிள். பின்சக்கரம் உண்டு, பெடல் உண்டு, கைப்பிடியும் உண்டு. ஆனால் அந்தக் கைப்பிடி திருப்புவதற்கல்ல, பிடித்துக்கொள்ள. பெரிய சைக்கிளின் இருக்கைத் தண்டிலோ, இதற்கென்றே செய்த கேரியரிலோ மாட்டுகிறார்கள். இருக்கைத் தண்டில் மாட்டியதை ஓட்டிப் பார்த்தேன். மகள் பின்னால் திரும்பி ஒரு நாயைப் பார்த்தாள், என் சைக்கிள் ஒரு முழம் விலகியது. கேரியரில் மாட்டுவதில் ஆட்டம் குறைவு. முக்கியமாக, இதில் பெரும்பாலும் வார்ப்பட்டை கிடையாது, அதனால் தூங்கிவழியும் பிள்ளைக்கு ஆகாது. இதையும் ‘இழுவை’ என்று எழுதினால், படித்துவிட்டு இரண்டு வயதுக் குழந்தைக்கு வாங்கிவிட மாட்டார்களா? தாய்ச் செடி இல்லாமல் நிற்காத ஒட்டு மாதிரி இது. அதனால் ‘ஒட்டுச்சைக்கிள்’ என்கிறேன். ஜெர்மன்காரர்கள் சொல்வதை அப்படியே தமிழாக்கினால் ‘பின்னோடி’ வரும். அதுவும் மோசமில்லை. ஆனால் தமிழில் அது உடனே ‘முன்னோடி’யின் எதிர்ச்சொல்லாகப் போய் நின்றுவிடும்.

மூன்றாவது, வெறும் தண்டு. குழந்தையின் சொந்தச் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ளும். பூங்கா வந்ததும் கழற்றிவிட்டால் பிள்ளை தானே ஓட்டிப் போகும். தூக்குவதுதான் இதன் சிறப்பு என்று ‘தூக்குத்தண்டு’ என எழுதி மனைவியிடம் காட்டினேன். “தண்டனையை ஏன் பாதியில் விட்டீர்கள்?” என்றாள். சரி, ‘இழுதண்டு’ இருக்கட்டும். அம்மாவிடம் தொலைபேசியில் விவரித்தபோது, “நம்ம வண்டி ஏர்க்கால்தானே அது” என்றார். மாட்டுவண்டியின் முன்தண்டைச் சொல்லும் அந்தச் சொல்லையும் விட மனமில்லை.

நான்காவது, நீளும் கயிறு. காட்டுப் பாதையில் ஏற்றம் வந்தால் மட்டும் மாட்டுவது. இங்குள்ள கருங்காட்டு (பிளாக் ஃபாரஸ்ட்) மலைச் சரிவுகளில் அடிக்கடி பார்க்கலாம். இதில் திருப்புவதும் பிரேக் பிடிப்பதும் முழுக்கப் பிள்ளை பொறுப்பு. கன்றுக்குக் கட்டும் ‘தும்பு’ இதற்குப் பொருந்தும்.

இவற்றைச் சைக்கிளோடு மாட்டும் மூட்டான ‘ஹிட்ச்’சுக்குத்தான் எதுவும் பிடிபடவில்லை. ‘இணைப்பான்’ என்றால் எதை எதோடு வேண்டுமானாலும் இணைக்கும். ‘கொக்கி’ என்றால் சட்டை மாட்டுவது நினைவுக்கு வருகிறது.

————

அண்ணா,

ஹிட்ச்சுக்கு யாழ்ப்பாணத்தில் பிறந்தவளாக ஒரு சொல் தருகிறேன்: கொளுவி. எங்களுக்குக் கொளுவுவது என்றால் மாட்டுவது. சண்டைக்குப் போவதையும் கொளுவல் என்போம், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘பின்வண்டி’யில் எனக்கொரு இடறல். நீங்கள் சொல்லும் அதே துணிக்கூட்டுக்கு முன்னால் ஒரு சிறு சக்கரம் பூட்டி, தண்டைக் கழற்றி, கடைத்தெருவில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அப்போது அது முன்னால் அல்லவா போகிறது?

————

தங்கச்சி, கொளுவியை எடுத்துக்கொள்கிறேன். மாட்டும்போது ஊசியைச் செருகி, கூடவே காப்புப் பட்டையையும் சுற்ற வேண்டும், கொளுவி கழன்றாலும் பட்டை பிடிக்கும் என்று எழுத இப்போது வாக்கியம் வாகாக அமைகிறது.

முன்னால் தள்ளும்போது அது வெறும் ‘தள்ளுவண்டி’. ஒரே பொருளுக்கு வேலையைப் பொறுத்து இரண்டு பெயர் இருப்பதில் எனக்குச் சிக்கல் தெரியவில்லை. தோளில் கிடந்தால் துண்டு, தலையில் கட்டினால் தலைப்பாகை. மற்றபடி ‘ஒட்டுச்சைக்கிள்’ என்பதை ‘ஒட்டுமிதிவண்டி’ ஆக்கச் சொல்லித் தனி மடலில் இருவர் எழுதியிருக்கிறார்கள். நீளம் ஒன்றுதான் என் தயக்கம். அச்சுக்குப் போக வெள்ளி வரை நேரமிருக்கிறது, குழுவில் சொல்லுங்கள்.