வெர்சிகலர் சிலந்திக் குட்டி கூட்டை விட்டு இறங்கிவிட்டது, சாப்பிடவும் இல்லை. உதவி தேவை

செல்வி:
வணக்கம். இங்கிலாந்தில் இருக்கிறேன். கரிபெனா வெர்சிகலர் என்ற டாரண்டுலா சிலந்தியின் குட்டி ஒன்று வளர்க்கிறேன். காலை விரித்தால் ஒன்றரை சென்டிமீட்டர் வரும், இன்னும் நீல நிறம்தான். வந்த புதிதில் மூடிக்குக் கீழே குழாய் மாதிரி வலை பின்னிக்கொண்டு சமர்த்தாக இருந்தது. இப்போது அதை விட்டு இறங்கி, டப்பாவின் அடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பழ ஈ போட்டாலும் தொடவில்லை. ஈரம் குறையவே கூடாது என்று விற்றவர் சொன்னதால் தினமும் தண்ணீர் தெளிக்கிறேன். தோல் உரிக்கப் போகிறதா, இல்லை சாகப் போகிறதா?

மரவாசி:
காற்றுத் துளைகள் எங்கே இருக்கின்றன? வயிறு சுருங்கியிருக்கிறதா? கால்கள் உடம்புக்கு அடியில் மடங்கியிருக்கின்றனவா?

செல்வி:
மூடியில் மட்டும் நாலைந்து ஊசித் துளைகள். சுவரெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். தென்னை நார்த்தூளைப் பிழிந்தால் சொட்டும். வயிறு உருண்டையாகத்தான் இருக்கிறது, கால்களும் மடங்கவில்லை.

எட்டுக்கால்:
உடனே ஐசியூ வையுங்கள் அக்கா. சின்ன டப்பாவில் ஈர டிஷ்யூ போட்டு அதில் விடுங்கள்.

மரவாசி:
தயவுசெய்து வேண்டாம். அதற்கு வந்த வியாதியே அந்த ஈரம்தான். தண்ணீர் வற்றி வயிறு சுருங்கிய குட்டிக்குத்தான் அந்த வைத்தியம்.

தோல் உரிக்கப் போகிற குட்டி பெரும்பாலும் வலையைத் தடிமனாக்கி, அதன் வாயை அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும். கூட்டை விட்டு இறங்கியது என்றால் அங்கே காற்று சரியில்லை. மார்டினிக் தீவில் மரத்தின் மேலே வாழ்கிற சிலந்தி இது. மழை பெய்யும், கடற்காற்று அடிக்கும், காய்ந்துவிடும். மூடிய டப்பாவில் தேங்கிய ஈரக்காற்று இந்தக் குட்டிகளைக் கொன்றுவிடும்.

குட்டியை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு, சூடாக்கிய ஊசியால் ஒரு பக்கச் சுவரில் கீழேயும் எதிர்ச் சுவரில் மேலேயும் துளை போடுங்கள். காற்று குறுக்கே ஓட வேண்டும். துளை குட்டியின் முன்னுடலைவிடச் சின்னதாக இருக்கட்டும். நார்த்தூளைக் காய்ந்ததாக மாற்றி, ஒரு மூலையை மட்டும் லேசாக நனையுங்கள். வாரத்தில் ஓரிரு முறை சுவரில் சில துளிகள் தெளித்தால் குடித்துக்கொள்ளும்; சில மணி நேரத்தில் அது காய்ந்துவிட வேண்டும். ஒரு கார்க் பட்டையைச் சாய்த்து, மேலே பிளாஸ்டிக் இலை ஒன்று வைத்தால் வலை கட்டப் பிடிமானம் கிடைக்கும். ஹீட் மேட் (சூடாக்கும் விரிப்பு) வேண்டாம், நமக்கு வசதியான அறைச் சூடே போதும்.

பழைய குறிப்புகளில் இதை அவிகுலேரியா என்ற பேரினத்தில் போட்டிருப்பார்கள். 2017-இல்தான் கரிபெனா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். 'எப்போதும் ஈரமாக வை' என்ற போதனையும் அந்தக் காலத்துச் சரக்குதான்.

எட்டுக்கால்:
சரி அண்ணா, புரிந்தது. சாப்பாடு?

மரவாசி:
முதலில் குடியேறட்டும். அப்புறம் கொன்ற கிரிக்கெட் பூச்சியின் காலை வலை வாயில் வைத்தால் போதும். தின்னாததை மறுநாள் எடுத்துவிடுங்கள். உயிருள்ள கிரிக்கெட்டை உள்ளே விட்டுவைத்தால், தோல் உரிக்கும் நேரத்தில் அது சிலந்தியைக் கடித்துவிடும்.

செல்வி:
சொன்னபடி மாற்றினேன். இலைக்குப் பின்னால் புது வலை வந்துவிட்டது. நேற்று வைத்த கிரிக்கெட் காலை இன்று காலையில் உறிஞ்சிக்கொண்டிருந்தது! மிக்க நன்றி. அடுத்து பொசிலோதீரியா என்ற டாரண்டுலா வாங்கலாமா? இலங்கையில் நம் மாங்குளத்தில் கண்டுபிடித்த ராஜாயி சிலந்தி அந்தப் பேரினம்தானே, ஊர்ப்பாசம்.

மரவாசி:
பாசம் சரி, ஆனால் அது குட்டியிலேயே மின்னல் வேகத்தில் ஓடும். பெரியது கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டும். 2019-இல் அந்தப் பேரினம் முழுவதும் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் சேர்ந்துவிட்டது, அதனால் எங்கிருந்து வந்தது என்ற காகிதமும் கேட்டு வாங்க வேண்டும். இந்த நீலக்குட்டி பச்சையும் சிவப்புமாக மாறும்வரை பொறுங்கள்.